ஸ்டார் ப்ளேயர் முட்டி போயி உட்கார்ந்தா பெஞ்ச் எப்படி பலமாகுது? காலேஜ் பாஸ்கெட்பால் 'டெப்த்' பத்தி புதுசா பாக்குறவங்களுக்கு

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பாக்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டைல ஏறவே இல்ல. சீசன் தொடங்கும்போதே ஒரு டீமோட பெரிய ப்ளேயர் முட்டில அடிபட்டு வருஷம் முழுக்க அவுட்டுன்னு நியூஸ் வரும், ஃபேன்ஸ் எல்லாம் இடிஞ்சு போயி உட்கார்ந்திருப்பாங்க, அப்புறம் மார்ச்ல கமென்ட்ரில ஒருத்தர் "அந்த இஞ்சுரிதாங்க இந்த டீமுக்கு டெப்த்தை குடுத்துச்சு"ன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டுப் போவார். என்னடா இது, எரியிற வீட்டுல புடுங்குன வரைக்கும் லாபம்ங்கிற கதையா இருக்கேன்னு தோணும். பல வருஷம் பாத்ததுக்கு அப்புறம் எனக்கு புரிஞ்சது என்னன்னா அதுல பாதி உண்மை, மீதி பாதி தோத்தவன் மனசை தேத்திக்கிறதுக்கு சொல்றது. எது எந்த பாதின்னு பிரிச்சு பாக்குறதுதான் இந்த கட்டுரை.

முதல்ல ஒரு சின்ன கணக்கு, இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சுடும். காலேஜ் மேட்ச் 40 நிமிஷம், என்பிஏ (அங்க இருக்கிற ப்ரொஃபஷனல் லீக்) மாதிரி 48 இல்ல. ஆம்பளைங்க ஆடுறது 20 நிமிஷம் ரெண்டு ஹாஃப், பொண்ணுங்க ஆடுறது 10 நிமிஷம் நாலு குவார்ட்டர். எந்த நேரத்துலயும் கோர்ட்ல ஒரு டீமுக்கு அஞ்சு பேர். 40-ஐ 5-ஆல பெருக்குனா 200. ஓவர்டைம் போகாத வரைக்கும் ஒரு கோச் கையில பங்கு போட்டுக் குடுக்க இருக்கிறது இந்த 200 நிமிஷம்தான், டீம்ல 13 பேர் இருந்தாலும் சரி 15 பேர் இருந்தாலும் சரி.

கிரிக்கெட் மட்டும் பாத்துட்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை: இங்க ஆளை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், வெளிய போனவர் ரெண்டு நிமிஷத்துல திரும்ப உள்ள வரலாம், அதுக்கு கணக்கே கிடையாது. அப்ப ஏன் 13 பேரையும் மாத்தி மாத்தி இறக்கி எல்லாரையும் பழக்கி வைக்கலன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா கோச் இடத்துல இருந்து பாருங்க, அவருக்கு நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் முப்பத்து சொச்சம் மேட்ச்தான், ஒவ்வொரு தோல்வியும் கடைசில 68 டீம் ஆடுற என்சிஏஏ டோர்னமென்ட்ல எந்த இடத்துல போட்டு வைப்பாங்கங்கிறதை மாத்தும், அந்த டோர்னமென்ட்ல ஒரு தடவை தோத்தா பெட்டியை கட்டிக்கிட்டு வீட்டுக்கு கிளம்ப வேண்டியதுதான், செகண்ட் சான்ஸே கிடையாது. அந்த பயத்துல நம்பிக்கையான ஏழு இல்ல எட்டு பேரை வச்சே ஓட்டிடுவாங்க. ஸ்டார் 35 நிமிஷம் ஆடுவார், ஒன்பதாவது ஆள் டவலை சுத்திக்கிட்டு கைதட்டிட்டு இருப்பார்.

சரி, அந்த ஒன்பதாவது ஆளுக்கு நிமிஷமே கிடைக்காதான்னா கிடைக்கும், டீம் 30 பாயிண்ட் முன்னாடி இருக்கும்போது கடைசி நாலு நிமிஷம். அதுல அவர் ரெண்டு த்ரீ (தூரத்துல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) போட்டாலும் கோச் மனசுல அது நிக்காது, ஏன்னா எதிர்ல ஆடுறதும் அவங்க டீமோட ஒன்பதாவது ஆள்தான். டெப்த்துங்கிறது பெஞ்ச்ல எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்கங்கிற எண்ணிக்கை இல்ல. மேட்ச் ரெண்டு பாயிண்ட்ல ஊசலாடும்போது, ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல, அதாவது மேட்ச் தொடங்கும்போது இறங்குற அஞ்சு பேர்ல, ஒருத்தர் அஞ்சாவது ஃபவுல் வாங்கி வெளிய வந்துட்டார்னா (காலேஜ்ல அஞ்சு ஃபவுலோட கதை முடிஞ்சுது), அப்ப கோச் பெஞ்சை திரும்பிப் பாத்து யோசிக்காம எத்தனை பேரை கைகாட்ட முடியும், அந்த எண்ணிக்கைதான் டெப்த். அந்த நம்பிக்கை பிராக்டீஸ்ல வராது, ஜெயிச்சு முடிச்ச மேட்ச்லயும் வராது, நெருக்கடி நிமிஷத்துல மட்டும்தான் வரும். அந்த நிமிஷத்தை எந்த கோச்சும் விரும்பி குடுக்க மாட்டார். இஞ்சுரி வந்தா குடுத்துத்தான் ஆகணும். அவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் இதோட விளைவு.

இதுக்கு நான் பாத்த வரைக்கும் யூகான் பெண்கள் டீமை விட நல்ல உதாரணம் கிடையாது. கனெக்டிகட் யுனிவர்சிட்டி, ஸ்டோர்ஸ்னு ஒரு சின்ன ஊர், கோச் ஜீனோ ஆரியெம்மா 1985-ல இருந்து அங்கயே இருக்கார். 2022 ஆகஸ்ட்ல அவங்களோட பெரிய ஸ்டார் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு முட்டில ஏசிஎல்னு சொல்ற தசைநார் கிழிஞ்சுது, 2022-23 சீசன்ல ஒரு மேட்ச் கூட ஆடல. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே புதுசா வந்த ஐஸ் பிரேடிக்கு முட்டிச்சில்லு விலகி அவங்களும் வருஷம் முழுக்க அவுட். அப்புறம் நல்லா ஷூட் பண்ணிட்டு இருந்த ஆஸி ஃபட்டுக்கும் முட்டி, கரோலின் டுஷார்முக்கு தலையில அடி. ஒண்ணு மேல ஒண்ணு, பட்ட காலிலே படும்னு சொல்லுவாங்களே அப்படி.

இப்ப இங்க கவனிங்க, புதுசா பாக்குறவங்க வழக்கமா தப்பா புரிஞ்சுக்கிற இடம் இது. பெக்கர்ஸ் போனா அவங்க இடத்துல இன்னொருத்தர் வந்து அதே வேலையை செய்வார்னு நினைப்போம். அப்படி நடக்கவே நடக்காது. பெக்கர்ஸ் செஞ்சிட்டு இருந்த வேலை ஒண்ணு இல்ல, பந்தை மேல கொண்டு வர்றது, பாஸ் குடுத்து அடுத்தவங்களுக்கு ஷாட் உண்டாக்குறது, எதுவும் நடக்கலன்னா ஷாட் கிளாக் (ஒரு ஷாட் போட குடுக்குற நேரம்) முடியிற நேரத்துல தானே ஒரு ஷாட் போடுறதுன்னு மூணு நாலு வேலை. ஆள் போனதும் அந்த வேலை சிதறி நாலஞ்சு பேர் தலையில விழும். பாயிண்ட் கார்டு வேலை, அதாவது பந்தை கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துறது, முழுசா நிக்கா மியூல்னு குரோஷியாவுல இருந்து வந்த பொண்ணுகிட்ட போச்சு, ஸ்கோரிங் அலியா எட்வர்ட்ஸுக்கும் அந்த வருஷம்தான் வேற காலேஜ்ல இருந்து வந்த லூ லோபெஸ் செனஷாலுக்கும் போச்சு. மியூல் அதுவரைக்கும் எதிராளியை ஒட்டிக்கிட்டே டிஃபென்ஸ் ஆடுறவங்கன்னுதான் பேர், அவங்க அந்த சீசன்ல 284 அசிஸ்ட் (அடுத்தவங்க கூடை போட வச்ச பாஸ்) போட்டாங்க, அது யூகான் ரெக்கார்டு. நவம்பர்ல நார்த் கரோலைனா ஸ்டேட் கூட ஒரே மேட்ச்ல 15 அசிஸ்ட், அதுவும் ரெக்கார்டு. எத்தனையோ பெரிய பாயிண்ட் கார்டுங்க ஆடிட்டு போன காலேஜ்ல இது. பெக்கர்ஸ் நல்லா இருந்திருந்தா பந்து அவங்க கையிலதான் இருந்திருக்கும், மியூலுக்குள்ள இப்படி ஒரு பாஸர் இருக்காங்கன்னு ஆரியெம்மாவுக்கே முழுசா தெரிஞ்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு நம்ம ஊர்ல கொஞ்சம் இளக்காரமாத்தான் சொல்லுவோம். பாஸ்கெட்பால்ல சில சமயம் இலுப்பைப்பூ நெஜமாவே சர்க்கரையாவும் மாறிடுது.

ஆனா அதுக்கு குடுத்த விலையையும் சொல்லணும், அதை மறைச்சுட்டு பேசுறவங்களைத்தான் நான் மனசை தேத்திக்கிறவங்கன்னு மேல சொன்னேன். 2023 ஜனவரில டீபால் காலேஜ் கூட ஆட வேண்டிய மேட்ச் தள்ளிப் போச்சு, காரணம் என்ன தெரியுமா, அவங்க ஆடுற பிக் ஈஸ்ட் லீக் விதிப்படி ஆட தயாரா குறைஞ்சது ஏழு ஸ்காலர்ஷிப் ப்ளேயர் இருக்கணும், யூகான்கிட்ட ஏழு பேர் கூட இல்ல! நாட்டுலயே பெரிய டீம், ஆள் இல்லாம மேட்ச் ஆட முடியல. பிராக்டீஸை நினைச்சுப் பாருங்க, அஞ்சுக்கு அஞ்சு ஆடவே பத்து பேர் வேணும். அங்க பெரிய பெண்கள் டீம் எல்லாம் காலேஜ்ல படிக்கிற பசங்களை பிராக்டீஸுக்கு எதிர் டீமா இறக்குறது வழக்கம், யூகானும் அப்படித்தான், அதனால பிராக்டீஸ் நின்னு போகாது. ஆனா மிச்சம் இருக்கிறவங்க காலுக்கு ரெஸ்ட்டு எங்க இருந்து வரும்? மார்ச்ல ஸ்வீட் 16-ல (டோர்னமென்ட்ல கடைசி 16 டீம் ஆடுற ரவுண்ட்) ஒஹாயோ ஸ்டேட் டீம் கோர்ட் முழுக்க பிரஸ் போட்டு, அதாவது பந்தை எடுத்த நிமிஷத்துல இருந்தே ரெண்டு பேர் மேல விழுந்து அமுக்கி, 73-61-னு ஜெயிச்சாங்க. தொடர்ந்து 14 தடவை ஃபைனல் ஃபோர், அதாவது செமி ஃபைனல், போன டீம் அந்த வருஷம் போகல. மத்த வேலையெல்லாம் பிரிச்சு குடுத்தாச்சு, பிரஸ்ஸை உடைக்கிற நேரத்துல நிதானமா பந்தை வாங்கி நிக்க இன்னொரு கை இல்ல. இஞ்சுரி ஒரு சீசனுக்குள்ளயே வரமா மாறிடும்னு எதிர்பாக்குறது பேராசை.

அடுத்த வருஷம், 2023-24. பெக்கர்ஸ் திரும்பி வந்துட்டாங்க, அப்பாடான்னு மூச்சு விடுறதுக்குள்ள ஆஸி ஃபட் ரெண்டே மேட்ச் ஆடிட்டு ஏசிஎல் கிழிஞ்சு அவுட். எகிப்துல இருந்து வந்த உயரமான பொண்ணு ஜானா எல் அல்ஃபிக்கு சம்மர்லயே குதிகால் நரம்பு போச்சு. டுஷார்ம் சில மேட்ச்லயே நின்னுட்டாங்க, ஆப்ரி கிரிஃபினுக்கு ஜனவரில முட்டி. இந்த தடவை நிமிஷம் யாருகிட்ட போச்சுன்னா ஸ்கூல் முடிச்சு அப்பத்தான் வந்த ரெண்டு ஃப்ரெஷ்மேன், கேகே ஆர்னால்டும் ஆஷ்லின் ஷேடும். ரெண்டு பேரும் ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல. சாதாரண வருஷமா இருந்தா பத்து பன்னெண்டு நிமிஷம் ஆடிட்டு பெஞ்ச்ல உட்கார்ந்து கத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

ஃப்ரெஷ்மேன் கார்டு ஒருத்தருக்கு திடீர்னு 30 நிமிஷம் கிடைச்சா என்ன ஆகும்னு கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும், இது டிவில பாக்கும்போது உங்களுக்கே தெரியும். முதல் சில வாரம் ஸ்க்ரீனை (டிஃபெண்டர் வழியை மறிச்சு நம்ம ஆள் ஒருத்தர் நிக்கிறது) சுத்தி வந்ததும் பயத்துல பந்தை தட்டுறதை நிறுத்திடுவாங்க, நிறுத்துனதுக்கு அப்புறம்தான் யாருக்கு பாஸ் போடலாம்னு தேடுவாங்க, அதுக்குள்ள ஆள் மூடியாச்சு. கார்னர்ல நிக்கிறவருக்கு பாஸ் போகும், ஆனா அரை நொடி லேட்டா போகும், அந்த அரை நொடில டிஃபெண்டர் வந்து நின்னுடுவார். டிஃபென்ஸ்ல காலை நகத்தாம கையை நீட்டி முதல் ஆறு நிமிஷத்துல ரெண்டு ஃபவுல். ஜனவரி முடியும்போது அதே ப்ளேயரை பாருங்க, ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடியே கார்னரை ஒரு பார்வை பாத்து வச்சிருப்பாங்க, ரெண்டு ஃபவுல் வாங்குனதுக்கு அப்புறமும் மூணாவது வாங்காம எப்படி ஆடுறதுன்னு தெரிஞ்சிருக்கும். இதை யாரும் போர்டுல எழுதி சொல்லிக் குடுக்க முடியாது. தப்பு பண்ணினா கோச் உடனே வெளிய எடுத்துடுவார்ங்கிற பயம் இல்லாததும் ஒரு காரணம்னு நினைக்கிறேன், எடுக்குறதுக்கு வேற ஆள் இருந்தாத்தானே எடுப்பார்!

அதே வருஷம் இன்னொண்ணும் நடந்துச்சு. உயரமானவங்க பாதி பேர் அவுட்டுங்கிறதால கார்டா ஆடுற பெக்கர்ஸே பல மேட்ச்ல பவர் ஃபார்வர்டு இடத்துல, தன்னை விட பெரிய உடம்புக்காரங்களை தாங்கி ஆடினாங்க. டெப்த்துன்னா புது ஆள் மட்டும் இல்ல, இருக்கிற ஆளே ரெண்டு இடத்துல ஆட பழகுறதும் டெப்த்துதான், சொல்லப்போனா அதுதான் மலிவான டெப்த். இப்படி ஒட்டுப்போட்ட டீம் ஃபைனல் ஃபோர் வரைக்கும் போயி கிளீவ்லேண்ட்ல கெய்ட்லின் கிளார்க்கோட ஐயோவா டீம்கிட்ட 71-69, ரெண்டே பாயிண்ட்ல தோத்துச்சு. கடைசி செகண்டுகள்ல எட்வர்ட்ஸ் மேல குடுத்த ஸ்க்ரீன் ஃபவுலை பத்தி இன்னைக்கும் சண்டை போட்டுட்டு இருக்காங்க, நான் அந்த பஞ்சாயத்துக்குள்ள போகல.

இப்ப 2024-25. ஃபட் குணமாகி வந்தாச்சு, எல் அல்ஃபி வந்தாச்சு, சாரா ஸ்ட்ராங்னு அசாத்தியமான ஃப்ரெஷ்மேன் ஒருத்தங்க, பிரின்ஸ்டன் காலேஜ்ல இருந்து மாறி வந்த கெய்ட்லின் சென். இவங்க நாலு பேரும் பெக்கர்ஸும் சேர்ந்து ஸ்டார்ட்டிங் ஃபைவ். அப்ப போன வருஷம் ஃபைனல் ஃபோர்ல ஸ்டார்ட் பண்ணின ஆர்னால்டும் ஷேடும் எங்க? பெஞ்ச்ல. ஐஸ் பிரேடியும் பெஞ்ச்ல. யோசிச்சு பாருங்க, ஃபைனல் ஃபோர்ல ஸ்டார்ட் பண்ணின அனுபவம் இருக்கிற ரெண்டு பேர் ஒரு டீமோட ஆறாவது ஏழாவது ஆளா வந்து இறங்கினா எதிர் டீம் எங்க மூச்சு வாங்கும்? 2025 ஏப்ரல் 6, டாம்பால ஃபைனல், சவுத் கரோலைனாவை 82-59-னு அடிச்சு யூகான் 12-வது பட்டம் வாங்குச்சு. ஃபட் 24, ஸ்ட்ராங் 24, பெக்கர்ஸ் 17. ஸ்கோர் போட்டது ஸ்டார்ஸ்தான், அதை மறுக்கல, ஸ்ட்ராங் மாதிரி ஒருத்தங்க கிடைச்சது இஞ்சுரியால இல்ல. ஆனா ஸ்டார்ஸுக்கு ரெஸ்ட்டு குடுக்க பயப்படாம கூப்பிட ஆள் இருந்தது 2023-24-ல பட்ட கஷ்டத்தோட வட்டி.

அதாவது அடிபட்ட ஆள் இல்லாதப்போ டெப்த் விதைக்கிறாங்க, அந்த ஆள் திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் அறுவடை. இந்த ரெண்டாவது பாதி நடக்கலன்னா, அதாவது ஆள் திரும்பி வராம என்பிஏவுக்கோ வேற காலேஜுக்கோ போயிட்டா, மிச்சம் இருக்கிறது டெப்த் இல்ல, வெறும் மாற்று ஏற்பாடு.

ஆம்பளைங்க பக்கம் ஹூஸ்டன் இதே கதைதான். 2021 டிசம்பர்ல மார்க்கஸ் சாசர், ட்ரமான் மார்க்னு முக்கியமான கார்டு ரெண்டு பேர் அடுத்தடுத்து சீசன் முழுக்க அவுட். கோச் கெல்வின் சாம்ப்சனோட டீம் அப்படியும் எலைட் எயிட் (கடைசி எட்டு டீம் ரவுண்ட்) போச்சு, பந்து ஜமால் ஷெட் கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் சாசர் திரும்பி வந்து ஆல் அமெரிக்கன் (நாட்டோட சிறந்த ப்ளேயர்ஸ் லிஸ்ட்) ஆனார், பக்கத்துல ஷெட் இருந்தார். அதே ஷெட் 2024-ல பிக் 12 லீக்ல பெஸ்ட் ப்ளேயர். அப்புறம் விதியை பாருங்க, அந்த வருஷ ஸ்வீட் 16-ல ட்யூக் கூட ஆடும்போது ஷெட்டோட கணுக்கால் மடங்கிடுச்சு, 54-51-னு தோத்தாங்க. மார்ச் மாசத்துல யார் வந்து ஷெட் ஆக முடியும்?

அதுதான் அடுத்த பாயிண்ட், எப்ப அடிபடுதுங்கிறது. டிசம்பர்ல அடிபட்டா கோச்சுக்கு மூணு மாசம் இருக்கு, தோத்து தோத்து கத்துக்கலாம். மார்ச்ல அடிபட்டா ஒண்ணும் பண்ண முடியாது. 2000-ல சின்சினாட்டி நாட்டுலயே நம்பர் ஒன் டீம், கென்யன் மார்ட்டின் அந்த வருஷத்தோட பெஸ்ட் ப்ளேயர், என்சிஏஏ டோர்னமென்ட் தொடங்குறதுக்கு சில நாள் முன்னாடி அவருக்கு கால் உடைஞ்சுது, டீம் ரெண்டாவது ரவுண்டுலயே டல்சா கிட்ட தோத்து வெளிய. 2022-ல வில்லனோவா எலைட் எயிட் ஜெயிக்கிற மேட்ச்லயே ஜஸ்டின் மூருக்கு குதிகால் நரம்பு போச்சு, அடுத்த வாரம் கான்சஸ் 81-65-னு அடிச்சிட்டாங்க, ஏற்கனவே ஆறேழு பேரை வச்சே ஆடுற டீம் அது. விதிவிலக்கு இல்லாம இல்ல. 2013-ல லூயிவில் டீமோட கெவின் வேருக்கு கோர்ட்லயே கால் உடைஞ்சுது (வீடியோவை தேடாதீங்க, சாப்பாடு இறங்காது), அடுத்த மேட்ச்ல விச்சிட்டா ஸ்டேட் கூட 12 பாயிண்ட் பின்னாடி இருக்கும்போது டிம் ஹெண்டர்சன்னு ஒருத்தர், ஸ்காலர்ஷிப் கூட இல்லாம டீம்ல சேர்ந்த பையன், அடுத்தடுத்து ரெண்டு த்ரீ போட்டு மேட்ச்சை திருப்பினார். கேக்க நல்லா இருக்கு, ஆனா இதை டெப்த் வளர்ந்ததுன்னு சொல்ல மாட்டேன், கடவுள் கண்ணை திறந்தார்னு சொல்லலாம். அந்த பட்டத்தை வேற ஒரு விவகாரத்துல 2018-ல பறிச்சுட்டாங்கங்கிறது தனிக்கதை.

அடிபட்டவர் திரும்பி வர்றதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. 2010 டிசம்பர்ல ட்யூக்கோட கைரி இர்விங்குக்கு கால் விரல்ல அடி. நோலன் ஸ்மித் பாயிண்ட் கார்டா மாறி ட்யூக் ஆடுற லீக்கோட பெஸ்ட் ப்ளேயர் ஆயிட்டார். கைரி நேரா மார்ச் டோர்னமென்ட்ல திரும்பி வந்தார், ஸ்வீட் 16-ல அரிசோனா கூட 28 பாயிண்ட் போட்டார், டீம் 93-77-னு தோத்துச்சு. கைரி வந்ததாலதான் டீம் குழம்பிடுச்சுன்னு அப்ப இருந்து ஒரு கூட்டம் சொல்லிட்டே இருக்கு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, ரெண்டாவது பாதில 55 பாயிண்ட் விட்டா பெஞ்ச்ல யார் இருந்தாலும் தோக்கத்தான் செய்வோம். ஆனா நோலன் மாதிரி மூணு மாசமா பந்து கையில இருந்து பழகினவர் திடீர்னு பந்து இல்லாம ஓட பழகணும்னா அதுக்கும் நாலஞ்சு மேட்ச் வேணும்ங்கிறது உண்மை.

ரெட்ஷர்ட்னு ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும், அதையும் சொல்லிடுறேன். காலேஜ்ல நாலு சீசன்தான் ஆடலாம். சீசனோட முதல் பாதிக்குள்ள அடிபட்டு, மொத்த மேட்ச்ல 30 சதவீதத்துக்கு மேல ஆடாம இருந்தா அந்த சீசனை கணக்குல சேக்காம விட்டுத் தர்ற விதி ஒண்ணு இருக்கு, மெடிக்கல் ரெட்ஷர்ட்னு சொல்லுவாங்க. 2020-ல காலேஜுக்கு வந்த பெக்கர்ஸ் 2025 ஃபைனல்ல ஆடினது அஞ்சாவது வருஷத்துல. இப்ப ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேற வந்துடுச்சு, நிமிஷம் கிடைக்காத பையன் சீசன் முடிஞ்சதும் வேற காலேஜுக்கு பறந்துடுவான், அதனால வளர்த்த டெப்த்தை கையில வச்சிருக்கிறது முன்ன மாதிரி இல்ல, ரொம்ப கஷ்டம்.

உங்க டீம்ல யாராவது அடிபட்டா பாக்ஸ் ஸ்கோர்ல (மேட்ச்சோட புள்ளிவிவர அட்டவணை) பாயிண்ட்ஸை பாக்காதீங்க, மினிட்ஸ்னு போட்டிருக்கிற வரிசையை பாருங்க. காணாம போன அந்த 30 நிமிஷம் எங்க போச்சுன்னு தேடுங்க. ஏற்கனவே 34 ஆடிட்டு இருந்தவங்க 39 ஆடுறாங்கன்னா அங்க ஒண்ணும் வளரல, கோச் பல்லை கடிச்சுக்கிட்டு நாளை ஓட்டுறார். அஞ்சு நிமிஷம் ஆடினவர் 20 ஆடுறார், அதுலயும் மேட்ச் டைட்டா இருக்கும்போது கடைசி அஞ்சு நிமிஷம் கோர்ட்ல நிக்கிறார்னா அந்த பேரை எங்கயாவது குறிச்சு வச்சுக்கங்க, அடுத்த நவம்பர்ல எடுத்துப் பாக்கலாம்.